நீலச் சோப்புக்காரன்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. சம்பளம் போடுகிற இடத்தைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. தங்கையின் கணவன் சூட்டிய 'மோப்பம்' என்ற பெயர்தான் ஒட்டிக்கொண்டது. தங்கையைக் கட்டிக்கொடுத்த புதிதில், மாப்பிள்ளை ஆசையாக ஒரு கோப்பைத் தேநீரை நீட்ட, இந்த மனிதன் அதைக் குடிக்காமல் மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான்.

"என்ன மச்சான், விஷ வாசனை வருதா?" என்று கேட்டான் மாப்பிள்ளை.

"விஷத்துக்கு வாசனை இருக்காது மாப்பிள்ளை" என்று பாடம் நடத்திவிட்டு, ஆறி அவலாகிப் போன பிறகு குடித்தான். அன்று விழுந்த பெயர்.

பிறவியிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் எவனாவது பென்சிலைத் தொலைத்தால் போதும், யார் யார் எடுத்திருக்கலாம், ஏன் எடுத்திருக்கலாம் என்று ஆளாளாக நிறுத்தி வைத்துச் சொல்வான். பென்சில் தொலைத்தவனுடைய பைக்குள்ளேயே ஓட்டையில் செருகிக்கொண்டு கிடக்கும். "கிடைச்சிடுச்சே" என்றால் முகம் சுண்டிப் போகும். கிடைக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

கல்யாணப் பேச்சும் வராமல் இல்லை. நல்ல குடும்பம், நல்ல பெண், சிரித்த முகம். "இவ ஏன் சிரிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டு விசாரிக்கக் கிளம்பினான். பெண்ணின் மாமனுக்கு என்ன தொழில், மாமனுக்கு யார் கூட்டாளி, அந்தக் கூட்டாளி ஏன் ஊர் மாறினார் என்று நூல் பிடித்துக்கொண்டே போனவன் திரும்பி வருவதற்குள், அந்தப் பெண் வேறொருவனைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு கடைத்தெருவில் எதிரே வந்தாள். அப்போதும் சிரித்த முகம்தான்.

"பாத்தியா, எதையோ மறைச்சிருக்கா" என்றான் தங்கையிடம்.

"தப்பிச்ச சந்தோஷம்ணா அது. மறைக்க முடியலை அவளால" என்றாள் தங்கை.

அப்படியே ஒற்றை அறையில் தனிக்கட்டையாக நின்றுபோனான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு மட்டும் தங்கை வீட்டில். அந்த ஒரு வேளைதான் அவன் வயிறு நிறையச் சாப்பிட்ட வேளை, வாய் நிறையப் பேசிய வேளையும் அதுதான்.

போலீஸ் வேலைக்குப் போய்ப் பார்த்தான். உயரம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு படித்தான். படித்துப் படித்து ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் போய் உட்கார்ந்தான். அங்கே என்ன வேலை என்று தங்கை பலமுறை கேட்டிருக்கிறாள். சொல்லச் சொல்லப் புரிந்ததில்லை. அவள் மேல் குற்றமில்லை. திருடனைப் பிடிப்பது அவர்கள் வேலையல்ல. திருடன் வரக்கூடுமா என்று யோசிப்பது வேலை. யோசித்ததை எழுதுவது வேலை. எழுதியதைப் படித்து, 'ஆழமாக யோசிக்கப்பட்டுள்ளது' என்று ஓரத்தில் எழுதுவதற்கு இன்னொருவர், அவருக்கு ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி.

மூன்றாவது மாடியில் நிறுவனம். கதவில் பூட்டு மேல் பூட்டு. கழுத்தில் அட்டை மாட்டாமல் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது. ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். இப்படிக் காத்தார்களே, உள்ளே திருடுவதற்கு என்னதான் இருந்தது என்று கேட்டால், எப்படிப் பூட்ட வேண்டும் என்று எழுதிய காகிதங்கள் இருந்தன.

அக்கம்பக்கத்து வங்கி, கட்டட முதலாளியின் அலுவலகம், காவலாளிகளை அனுப்பும் கம்பெனி எல்லோரிடமும் நிறுவனம் ஒரு ஏற்பாடு செய்திருந்தது. காதில் விழுந்தது எதுவானாலும் வாரம் ஒருமுறை எழுதி அனுப்ப வேண்டும். ஏற்பாட்டைச் செய்தவன் மோப்பம். வருகிற காகிதங்களை எடை போடும் முறையை வகுத்தவனும் மோப்பம்தான். ஒருவர் சொன்னால் 'இருக்கலாம்'. தொடர்பில்லாத இருவர் சொன்னால் 'பெரும்பாலும்'. தொடர்பில்லாத மூவர் சொன்னால் 'உறுதி'. தொடர்பில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பதாம்? காகிதங்களின் தலையில் வேறு வேறு முத்திரை இருந்தால் போதும். இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவன் மேசைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். சாமி படத்தைத் துடைப்பதுபோல் தினமும் காலையில் கைக்குட்டையால் துடைப்பான்.

அந்த முறையை வகுத்தவனுக்கு அத்தனை வருடத்தில் ஒரு 'உறுதி'கூட வாய்க்கவில்லை என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல். அவன் கை வைத்ததெல்லாம் 'இருக்கலாம்' என்ற அளவிலேயே முடங்கிப்போகும். நடையில் எதிர்ப்பட்டால் இயக்குநர் கேட்பார்: "என்ன சார், இன்னும் இருக்கலாம்தானா?" கூட நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆண்டு மாநாட்டில் எல்லோரும் தங்கள் ஆய்வைப் படிப்பார்கள்; இவன் தண்ணீர் பாட்டில் எடுத்து வைப்பான். ஒரே ஒரு 'உறுதி' கிடைத்தால் மேடையேறிவிடலாம். அதற்குத்தான் தவம் கிடந்தான்.

அதே கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஷட்டர் அகலத்தில் மாப்பிள்ளையின் பூட்டுக்கடை. பூட்டு பழுது பார்ப்பது, மாற்றுச் சாவி வெட்டுவது, சாவி தொலைத்துவிட்டுத் தெருவில் நிற்பவர்களின் கதவைத் திறந்து கொடுப்பது. தன் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாத ஒருவன் கையில் கொடுத்துவிட்டு ஒருவர் தேநீர் குடிக்கப் போகிறார் என்றால், அந்தக் கடை எதை நம்பி நடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தெருவில் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல் வந்தது கிடையாது. தங்கையும் பிள்ளைகளும் அந்த ஷட்டரை வைத்துத்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஞாயிறுதோறும் மோப்பம் சாப்பிட்டதும் அதில்தான். இது அவன் மரமண்டைக்கு உறைத்ததே இல்லை.

ஒரு ஞாயிறு, கை கழுவப் போனவன் தொட்டியில் இருந்த நீலச் சோப்புக் கட்டியோடு திரும்பி வந்தான். ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவியை எடுத்தான். எல்லோரும் தட்டில் கை வைத்திருக்கும்போது, சாவியைச் சோப்பில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினான்.

"பாருங்க மாப்பிள்ளை. ஒருத்தன் உங்க கடைக்கு வர்றான். பையில இந்த மாதிரி ஒரு சோப்பு. எங்க ஆபீஸ் சாவி ரிப்பேருக்கு வந்து உங்க பலகையில கிடக்கு. நீங்க அந்தப் பக்கம் திரும்புறீங்க. ஒரு அழுத்து. முடிஞ்சு போச்சு."

"எவன் மச்சான் வர்றான்?"

"வரலாம்னு சொல்றேன்."

"அண்ணா, சாவியில இருந்த கிரீஸ் பூரா சோப்புல ஏறிடுச்சு! இனிமே இதுல துணி துவைச்சா எல்லாம் கறுப்பாயிடும்" என்று கத்தினாள் தங்கை. கட்டியைப் பிடுங்கி ஜன்னல் மேட்டில் வைத்தாள். "நாலு பேர் நிம்மதியா சாப்பிட்டா உனக்குப் பொறுக்காதே!"

அவன் கை கழுவினான், சாப்பிட்டான், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டான். எழுந்தபோது சோப்பை மறந்துவிட்டான். மறக்காமல் என்ன செய்வான்? அதற்கு முந்தைய ஞாயிறு பால்காரன் மேல் சந்தேகம். அதற்கு முன் எரிவாயு கொண்டுவருபவன். ஞாயிறுக்கு ஒரு பயத்தைத் தங்கை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு லேசாகிப் போவது அவன் வழக்கம்.

மாப்பிள்ளை மறக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு. மறுநாள் வாசல் காவலாளி பெட்டிப் பூட்டுக்கு எண்ணெய் விட வந்தபோது, "உஷாரா இருங்கண்ணே. நீலச் சோப்போட ஒருத்தன் என் கடைக்கு வந்து உங்க மாடி ஆபீஸ் சாவியை அச்செடுக்கப் போறானாம்" என்று கண்ணடித்துச் சொன்னான். "யார் சொன்னா?" என்று காவலாளி கேட்டதற்கு, "பெரிய இடத்துப் பேச்சு" என்று மாடிப் பக்கம் கையைக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அத்தோடு போயிருக்க வேண்டியது.

காவலாளிக்கு வாரக் கடைசி வந்தது. காதில் விழுந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் கம்பெனிக்காரர்கள், "வாரம் பூரா தூங்குனியா?" என்று கேட்பார்கள். போன வாரமும் கேட்டார்கள். கேட்டு வைத்தது கைவசம் இருக்க, எதற்குத் திட்டு வாங்குவது? 'நீலச் சோப்புடன் ஒருவன் பூட்டுக்கடைக்கு மாடி அலுவலகச் சாவியை அச்செடுக்க வருவதாகப் பேச்சு' என்று எழுதிக் கொடுத்தான். அவனுக்கும் அடுத்த கட்டட வங்கிக் காவலாளிக்கும் ஒரே தேநீர்க்கடை. அந்த ஆளும் எழுத ஒன்றும் கிடைக்காமல் தலையைச் சொறிந்துகொண்டிருக்கவே, பாவம் என்று இவனே எடுத்துக் கொடுத்தான். கம்பெனிக்காரர்கள் தங்கள் பங்குக்குக் கட்டட முதலாளிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்கள். முதலாளி அலுவலகம் ஆடிப்போய் ஒரு காகிதம் எழுதியது.

மோப்பத்தின் மேசைக்குக் காவல் கம்பெனியிலிருந்து முதல் காகிதம் வந்தது. மூக்கருகே கொண்டுபோனான். 'இருக்கலாம்' என்று எழுதினான். வங்கியிலிருந்து அடுத்தது வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். கட்டட முதலாளியிடமிருந்து இன்னொன்று வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். வேறு வேறு முத்திரை! வேறு வேறு கையெழுத்து! அதிலும் பாருங்கள், அத்தனை பேரும் நீலச் சோப்பு என்கிறார்கள். ஒருவன் பச்சை என்றும் ஒருவன் மஞ்சள் என்றும் சொல்லியிருந்தால் தள்ளிவிடலாம். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று இடம், நிறத்தில்கூடப் பிசகில்லை! புத்தியுள்ள எவனும் இதைக் கண்டால், எல்லோரும் ஒரே வாயிலிருந்து கேட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவான். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட இந்த மனிதன், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டான்.

மாப்பிள்ளையின் கடை என்பது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டாயிற்று. "பாசம் வேற, பகுப்பாய்வு வேற" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னான், கேட்டவர் காதில் நன்றாக விழும்படி. பேனாவைத் திறந்து, கோணல் இல்லாமல், 'உறுதி' என்று எழுதினான். எழுதியதை எட்ட நின்று பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவை.

இயக்குநர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாநாட்டில் இதையே படிக்கச் சொன்னார். மறுநாள் கட்டட முதலாளியின் ஆட்கள் வந்து ஷட்டரை இழுத்து மூடினார்கள். உள்ளே கிடந்த அரத்தைக்கூட மாப்பிள்ளையை எடுக்க விடவில்லை.

"மேல இருந்து உத்தரவு. பாதுகாப்புக் காரணம்" என்றார்கள்.

"எந்த மேல?"

"மூணாவது மாடி."

தெரு கூடி வேடிக்கை பார்த்தது. பூட்டுக்காரன் கடைக்கே பூட்டு போடுகிறார்கள் என்றால் சும்மாவா இருக்கும் என்று பேச்சு கிளம்பியது. நேற்றுவரை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இன்று வாங்கிக்கொண்டு போக வந்தார்கள். ஒரு அம்மாள் தன் வீட்டுப் பூட்டையே மாற்றிவிட்டதாக அவன் காதுபடச் சொன்னாள். கடை மூடியதற்கு மாப்பிள்ளை அழவில்லை. அதற்கு அழுதான்.

தங்கை நேராக அண்ணனின் ஒற்றை அறைக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கடையை மூடச் சொன்னது நீயா?"

"நான் மூடச் சொல்லலை. நிலைமையை மதிப்பிட்டேன். தகவல் உறுதியான தகவல். மாப்பிள்ளை மேல தப்பில்லை, அவர் கடையை எவனோ உபயோகப்படுத்தப் பாக்குறான்."

"எவன்?"

"அதைச் சொல்லக் கூடாது." குரலைத் தாழ்த்தினான். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். நீலச் சோப்போட ஒருத்தன் வர்றான். மூணு இடத்துல இருந்து தகவல்."

தங்கை அப்படியே நின்றாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பிறகு விறுவிறுவென்று கிளம்பிப் போனாள். திரும்பி வந்தபோது முந்தானையில் எதையோ முடிந்துகொண்டு வந்திருந்தாள். அவிழ்த்து அவன் கட்டிலில் போட்டாள். நீலச் சோப்புக் கட்டி. நடுவில் சாவி பதிந்த பள்ளம், பள்ளம் நிறையக் கறுப்புக் கிரீஸ்.

"இந்தா, உன் நீலச் சோப்புக்காரன். என் வீட்டு ஜன்னல்ல உக்காந்திருந்தான். இது யாரு கை வச்ச அழுத்து? கை கழுவப் போனவன் கையில எடுத்துட்டு வந்து ஆடிக்காட்டுனியே, ஞாபகம் இருக்கா? இவர் அதைச் சிரிச்சுக்கிட்டே காவலாளிகிட்ட சொல்லியிருக்காரு. இப்பதான் கேட்டுட்டு வர்றேன். காவலாளி கம்பெனிக்குச் சொன்னான், பேங்க் காவலாளிக்குச் சொன்னான். கம்பெனி, கட்டட முதலாளிக்குச் சொல்லுச்சு. எல்லாரும் உனக்குச் சொன்னாங்க. நீ துப்புன எச்சில் ஊரைச் சுத்திட்டு உன் மூஞ்சியிலயே வந்து விழுந்திருக்கு. அதைத் துடைக்காம, உறுதின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டியே!"

மோப்பம் பேந்தப் பேந்த விழித்தான். சோப்பைக் கையில் எடுத்தான். மூக்கருகே கொண்டுபோனான். ஞாயிற்றுக்கிழமை வாசனை. சாப்பாடு, சிரிப்பு, தங்கையின் கத்தல், எல்லாம் அதில் இருந்தது. உட்கார்ந்துவிட்டான்.

கல்நெஞ்சக்காரன் என்று அவனைச் சொல்ல முடியாது. முட்டாள்தான், பொல்லாதவன் இல்லை. அடுத்த நாளே தங்கையையும் சோப்பையும் அழைத்துக்கொண்டு இயக்குநர் முன்னால் போய் நின்றான். மாநாடு போனால் போகட்டும் என்று எச்சிலை விழுங்கிக்கொண்டான். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

இயக்குநர் விரல் நுனிகளைச் சேர்த்துவைத்துக் கேட்டார். பிறகு எழுந்துபோய், மோப்பத்தின் மேசைக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"உங்க முறைதான் சார் இது. ஒருத்தர் சொன்னா என்ன?"

"...இருக்கலாம்."

"இப்ப நீங்க சொல்றதை எத்தனை பேர் சொல்றீங்க?"

"நானும் தங்கச்சியும்."

"ஒரே வயிறு. தொடர்பு இருக்கு. அதனால ஒருத்தர்னுதான் கணக்கு. அதுலயும் கடைக்காரருக்கு வேண்டியவங்க. அந்தப் பக்கம் மூணு பேர், மூணு முத்திரை. நீங்களே சொல்லுங்க, எதை நம்புறது?"

"ஐயா, அந்த மூணு பேரும் நான்தான்!" என்று கிட்டத்தட்ட அழுதான்.

"அதுவும் இருக்கலாம்" என்றார் இயக்குநர் பெருந்தன்மையாக.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. சோப்பை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். "இதைப் பாருங்கய்யா. என் வீட்டுச் சோப்பு. என் வீட்டுச் சாவி அச்சு. வேணும்னா வந்து என் கதவுல போட்டுப் பாருங்க."

இயக்குநரின் கண்கள் விரிந்தன. மணியை அடித்தார். கையுறை போட்ட ஒருவர் வந்து சோப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினார். அதுவரை வெறும் பேச்சாக இருந்தது; இப்போது பொருளும் சிக்கிவிட்டது! அச்சு பதிந்த நீலச் சோப்பு, கடைக்காரர் வீட்டிலிருந்து! "ரொம்ப நன்றிம்மா. பொதுமக்கள் இப்படி ஒத்துழைச்சாதான் எங்க வேலை சுலபமாகும்" என்று தங்கையை வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

தங்கை படியிறங்கினாள். மூடிய ஷட்டர் முன்னால் வந்ததும் நின்றாள்.

"ஏண்ணா, நெசமாவே கேக்குறேன். இவ்வளவு படிச்சவங்க எல்லாரும் ஒரே இடத்துல எப்படிண்ணா சேந்தீங்க?"



தங்கை முதலில் உண்மையை அனுப்பிப் பார்த்தாள். வாசல் காவலாளியைப் பிடித்து, "அது எங்க வீட்டுச் சோப்பு, எங்கண்ணன் சொன்ன கதை, இதை எழுதிக் குடு" என்றாள். காவலாளி கொட்டாவி விட்டான். எழுதவில்லை. இதில் எழுத என்ன இருக்கிறது? ஒருவர் சோப்பு ஒருவர் வீட்டில் இருந்தது என்பது ஒரு செய்தியா? வாரம் போயிற்று. மாப்பிள்ளை தெருமுனையில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். ஒருவரும் சாவி நீட்டவில்லை. குடையை நீட்டிக் கம்பி ஒட்டித் தரச் சொன்னார்கள்.

பிறகு ஒருநாள் தங்கை அதே காவலாளியிடம் போய், அக்கம்பக்கம் பார்த்தாள். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பார்ப்பவனுக்குப் பயம் வரும்படி குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அந்த நீலச் சோப்பு ஆள் திருடனே இல்லையாம்."

"பின்னே?"

"மேலிடத்து ஆளாம். இந்த மாடி ஆபீஸ்காரங்க விழிப்பா இருக்காங்களான்னு சோதிக்க அனுப்பியிருக்காங்க. எங்க கடையில அவன் பருப்பு வேகலையாம். கடைக்காரர் கெட்டிக்காரர்னு எழுதிட்டுப் போயிட்டானாம். மாடியில இருக்கிறவங்கதான் ஒண்ணும் புரியாம கடையை மூடிட்டாங்கன்னு மேலிடத்துல கோவமாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

காவலாளிக்குக் கொட்டாவி வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் மோப்பத்தின் மேசைக்குக் காகிதங்கள் வந்தன. காவல் கம்பெனியிலிருந்து ஒன்று. வங்கியிலிருந்து ஒன்று. கட்டட முதலாளியிடமிருந்து ஒன்று. அதில் எழுத்தே நடுங்கியிருந்தது. வேறு வேறு முத்திரை. எல்லாவற்றிலும் மேலிடம், சோதனை, கெட்டிக்காரக் கடைக்காரர். ஒன்றில்கூடப் பிசகில்லை.

இந்தத் தடவை அவன் மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. தங்கையின் குரல் காகிதத்திலிருந்தே கேட்டது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் வாசற்படியில் உட்கார்ந்தான். உள்ளே வா என்று அவளும் சொல்லவில்லை.

"பொய்யை உறுதின்னு எப்படி எழுதுறது?"

"போன தடவை எப்படி எழுதினே?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"இப்ப தெரியுது. அவ்வளவுதான் வித்தியாசம்." அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "உனக்கு மனசு கேக்கலைன்னா எழுதாதே அண்ணா. இது எங்க தங்கச்சி கட்டுன கதைன்னு நெசத்தை எழுது. நெசத்தை ஒருத்தர் சொன்னா அங்க என்ன மதிப்புன்னு உனக்கே தெரியும். என் வீட்டுக்காரர் குடைக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ யோசி. உனக்கு யோசிக்கிறதுக்குத்தானே சம்பளம்."

உள்ளே மாப்பிள்ளை குடைக்கம்பியை நெளித்துக்கொண்டிருந்தான். மச்சானை நிமிர்ந்து பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் மோப்பம் பேனாவைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் 'உறுதி'யை அவன் முழு நம்பிக்கையோடு எழுதினான், அது பொய். இரண்டாவதை, பொய் என்று தெரிந்தே எழுதினான்; ஒரு நேர்மையான மனிதனின் கடை அதனால்தான் திறந்தது. எழுத்து கோணியது.

இயக்குநர் படித்துவிட்டு நாற்காலியோடு சுழன்றார். முகம் வெளுத்துவிட்டது. சோதனையா! மேலிடமா! அன்றைக்கே ஷட்டர் திறந்தது. அவரே படியிறங்கி வந்து, தன் மேசைச் சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டி, "உங்களை நம்பித் தர்றோம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். மேலிடத்து ஆள் எவனாவது தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு. இயக்குநரே சாவி கொடுக்கிறார் என்று தெருக்காரர்களும் வந்தார்கள். பூட்டை மாற்றிய அம்மாள் புதுப் பூட்டுக்கு மாற்றுச் சாவி வெட்ட வந்தாள். மாப்பிள்ளை வெட்டிக் கொடுத்தான். ஆனால் முன்பெல்லாம் கேட்பானே, "பிள்ளைங்க சௌக்கியமா?" என்று, அதைக் கேட்கவில்லை. அதற்கப்புறம் எவரிடமும் கேட்டதில்லை.

மாநாட்டில் மோப்பம் மேடையேறினான். நிறுவனம் எப்படி ஒரு மேலிடத்துச் சோதனையை முதலிலேயே மோப்பம் பிடித்தது என்று இயக்குநர் எழுதிக் கொடுத்ததைப் படித்தான். கைதட்டினார்கள். அறைக்கு நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் நீலச் சோப்பை வைத்திருந்தார்கள். ஆளாளுக்குக் குனிந்து பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். அதைத் திருப்பிக் கேட்டுத் தங்கை இரண்டு முறை படியேறினாள். ஆய்வுப் பொருளைத் தர முடியாது என்றார்கள். "கிரீஸைச் சுரண்டிட்டா பாதிச் சோப்பு தேறும்யா" என்றாள். நடக்கவில்லை.

அவனுக்குப் பதவி உயர்வு வந்தது, தனி அறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு மறுபடி போகத் தொடங்கினான். சாப்பிடலாம், வாயைத் திறக்கக் கூடாது என்று தங்கை உத்தரவு. சில வாரம் தாங்கினான். பிறகு பழைய குணம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. "அந்தத் தபால்காரன்..." என்று தொடங்குவான். தங்கை கரண்டியை ஓங்குவாள். ஆனாலும் பாதி வாக்கியம் வெளியே வந்துவிட்டிருக்கும்.

ஒன்று மட்டும் மாறியது. காகிதங்கள் ஒத்துப்போகும் போதெல்லாம் அவனுக்குச் சோப்பு வாசனை வந்தது. அப்படி வந்தால் பேனாவைத் தொடமாட்டான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அத்தனை மாடியும் இறங்கி, படிக்குக் கீழே இருக்கும் கடை முன்னால் போய் நிற்பான். ஆள் போகும்வரை காத்திருந்து, காதருகே குனிந்து கேட்பான்.

"மாப்பிள்ளை, தண்ணி லாரிக்காரன் ஒருத்தன் கட்டடத்தைப் படம் வரைஞ்சுக்கிட்டிருக்கான்னு மூணு இடத்துல இருந்து வந்திருக்கு. இதை நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

மாப்பிள்ளை தலையை நிமிர்த்த மாட்டான். அரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

"போன ஞாயிறு, மச்சான். ரெண்டாவது தடவை சோறு போடுறப்ப."